சுடுதண்ணிப் புண்

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரை வெளியூர்க்காரர் யாராவது எடுத்துப் படித்தால், சுடுதண்ணியை மேலே கொட்டிக்கொள்வதில் இந்த ஜில்லாக்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்வார். அதிலும் ஆவணி, புரட்டாசி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தீபாவளி நெருங்க நெருங்க ஜனங்கள் அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டுக் கையிலும் காலிலும் ஊற்றிக்கொள்கிறார்கள். இந்த வெயிலில் எதற்கய்யா வெந்நீர் என்று எந்த டாக்டரும் கேட்டதில்லை. சொல்கிறவருக்கும் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும், வாசலில் நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியும்.

விஷயம் இவ்வளவுதான். லைசென்ஸ் வைத்திருக்கிற பட்டாசுக் கம்பெனி முதலாளி, ஷெட்டுகளை ஆளுக்கு நாலாகப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டுவிடுவார். அது சட்டப்படி கூடாது. அங்கே தீப்பிடித்து ஆள் செத்துப்போனால் மறைக்க முடியாது, அதிகாரிகள் எல்லாம் வந்து நிற்பார்கள். சாகாமல் காயத்தோடு தப்பித்தால் அது சுடுதண்ணி. உண்மையைச் சொன்னால் ஷெட்டுக்குப் பூட்டு விழும், நாற்பது வீட்டில் உலை கொதிக்காது. அதனால் ஆளை வேலைக்குச் சேர்க்கிற அன்றைக்கே போர்மேன் சொல்லிவிடுவார்: செருப்பை வெளியே விடு, செல்போன் கொண்டுவராதே, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் சுடுதண்ணி.

நான் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பெயர் தனுஷ்கோடி. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மனு. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் என்பதால் முந்தின நாள் என் கடையில் கூட்டம் இருக்கும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுச் சாக்கடை. கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு நடை வந்துவிட்டது. மனு நன்றாக எழுதுவேன் என்று நாலு பேர் சொல்லி, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இந்தக் கதையில் அந்தத் தலைக்கனத்துக்கும் பங்கு இருக்கிறது.

தாயில்பட்டிப் பக்கத்துச் சுடலையை எனக்கு லேபிள் கொண்டுபோய்ப் போடுகிற இடத்தில் தெரியும். பேன்சி வெடிக் குழாயில் மருந்து செலுத்துகிற ஆள். மேலெல்லாம் அலுமினியப் பொடி படிந்து, சாயங்காலம் ஷெட்டைவிட்டு வெளியே வரும்போது வெள்ளி பூசின சிலை மாதிரி இருப்பார். பேச்சு குறைவு. அவருடைய பெண்டாட்டி பொன்மணி வீட்டிலிருந்தே காகிதக் குழாய் சுருட்டிக் கொடுப்பாள். மைதாப் பசைக் கிண்ணமும் காகிதக் கட்டுமாக வாசலில் உட்கார்ந்தால், தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே நாளைக்கு ஆயிரக்கணக்கில் சுருட்டித் தள்ளுவாள். அவள் தம்பி முத்துப்பாண்டிதான் அந்த ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து போர்மேனாக இருந்து நடத்துகிறவன். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே ஷெட்டில்.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள் உச்சி வெயிலில் மருந்து உரசிப் பற்றிக்கொண்டது. சுடலை முன்னால் இருந்தது இரண்டு கை மருந்துதான். அதனால் ஷெட்டும் தப்பித்தது, பக்கத்தில் இருந்தவர்களும் தப்பித்தார்கள். சுடலைக்கு மட்டும் வலது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. முத்துப்பாண்டி அவரைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் இன்னொரு ஆள் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். பொன்மணி பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தாள். இளவயது டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டபோது, புருசன் வாயைத் திறக்கும் முன்பே அவள்தான் சொன்னாள். சுடுதண்ணி கொட்டிருச்சுங்க.

காலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டு வார்டில் படுக்க வைத்தார்கள். அப்போது சீசன். கட்டிலுக்கு ஒருவர், கட்டிலுக்குக் கீழே ஒருவர் என்று ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. காய்ச்சல் சீசனும் கூடச் சேர்ந்துகொண்டது. இரண்டாம் நாளே சுடலை கால் கடுக்கிறது, விரல் மதமதவென்று இருக்கிறது என்றார். நர்சம்மாவிடம் பொன்மணி போய்ச் சொன்னாள். வெந்த புண்ணு வலிக்கத்தான் செய்யும், டாக்டர் வரட்டும் என்றார்கள். டாக்டர் வந்தார், சீட்டைப் பார்த்தார், சுடுதண்ணிதானே என்றார், அடுத்த கட்டிலுக்குப் போனார். மூன்றாம் நாள் விரல் வீங்கியது. நான்காம் நாள் அந்த மனிதர் வலிக்கிறது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். வலி குறைந்துவிட்டது என்று பொன்மணி சந்தோசப்பட்டு, வெளியே கடையில் இட்லி வாங்கி ஊட்டிவிட்டாள். பாவி மகள், காலுக்கு உணர்ச்சி போய்விட்டது என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

அந்த வார்டைக் கூட்டித் துடைக்கிற பெண் மூக்கம்மாள். ஒப்பந்தக் கம்பெனி ஆள், நீலக் கோட்டு. பொன்மணிக்கு அடுத்த தெருதான், தினம் முதல் பஸ்ஸில் போய் வருகிறவள். ஐந்தாம் நாள் காலையில் கட்டிலுக்கடியில் வாளியை நகர்த்தும்போது மூக்கைச் சுளித்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கட்டின் கீழ் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு பொன்மணியின் காதோடு சொன்னாள்.

"கால் கறுத்துப்போச்சு தாயி. இங்கன வச்சிருக்காத. யாரையும் கேக்காத. மதுரைக்குக் கொண்டு போ."

அன்றைக்கே எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆளே தங்கியிருக்க மாட்டார் என்றும், நேரத்துக்குக் கட்டைப் பிரித்திருந்தால் கால் தங்கியிருக்கும் என்றும் அவர் வாயால் சொன்னார். கையால் எழுதித் தரவில்லை.

தீபாவளி முடிந்து, கம்பெனிகள் ஒரு மாதம் ஓய்ந்து கிடந்த சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்மணி என் கடைக்கு வந்தாள். கையில் மஞ்சப்பை, பைக்குள் மதுரைச் சீட்டுகள். கொண்டுவந்திருந்த சேவுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பணம் காசு தாராகளோ தரலயோ அண்ணாச்சி. இவுக பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்காக. தன்னாலதான் கால் போச்சுன்னு நெனைக்காக. மருந்தக் கொஞ்சம் மெதுவாச் செலுத்திருந்தா போயிருக்காதேன்னு ஒரே பொலம்பல். கால் தீயில போகல, கட்டுலதான் போச்சுன்னு கவுருமெண்டே ஒரு காயிதம் எழுதிக் குடுக்கணும். அத இவுக கையில குடுத்தாப் போதும் எனக்கு."

அவள் கேட்டது அந்த ஒரு காகிதம்தான். எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. நியாயம் நம் பக்கம் பச்சையாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

முதலில் சிவகாசியில் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். இலவசமாக வைத்தியம் பார்க்கிற அரசாங்க ஆஸ்பத்திரிமேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் நுகர்வோர் என்றார். வார்டில் ஸ்டிரெச்சர் தள்ளினவருக்கும் கட்டில் கொடுத்தவருக்கும் பொன்மணி கொடுத்த காசுக்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். மதுரை ஐகோர்ட்டில் ரிட் போடலாம், வருசக்கணக்கில் ஆகும், அதற்கும் முதலில் துறை விசாரணை நடந்து ஒரு அறிக்கை இருந்தால் நல்லது என்றார். ஆக மனுதான் வழி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேஸ் சீட்டு நகலும் கேட்டுவைத்தேன்.

மனுவைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்த அன்றைக்கு முத்துப்பாண்டி வந்துவிட்டான். அக்கா சொல்லித்தான் வந்தானோ, மோப்பம் பிடித்து வந்தானோ. கடைக்கு வெளியே பைக் இல்லை. மதுரைச் செலவுக்கு விற்றுவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

"மனுவுல என்ன வேணாலும் எழுதுங்க அண்ணாச்சி. எப்பிடி வெந்துச்சுங்கிறத மட்டும் மாத்தீராதீக," என்றான்.

உண்மையைச் சொன்னால்தான் மனுவுக்குப் பலம் என்றேன். தீக்காயத்தைச் சுடுதண்ணி என்று சொன்னது உங்கள் பக்கம் ஓட்டை, அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்றேன்.

"மச்சானத் தூக்குனது நான். கால்த் தோலு என் கையில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. எனக்கு வலிக்கலன்னு நெனைக்கீகளா? ஷெட்டப் பூட்டுனா முப்பத்தெட்டுப் பேரு அண்ணாச்சி. நான் உள்ள போயிருவேன், அது கெடக்கட்டும். எங்க அக்காளும் சேத்துத்தான பட்டினி கெடப்பா. நீங்க அடிக்கிற லேபிளு எந்தப் பெட்டியில ஒட்டுறாகன்னு நெனைச்சீக?"

கடைசியாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது. சுவரோரம் அடுக்கியிருந்த கட்டுகளில் அவன் ஆர்டர் பாதி. நான் 'எனது கணவர் மீது சுடுதண்ணீர் கொட்டியதில்' என்று அடித்தேன். உண்மை பேசாத மனுவுக்கு வேறு எங்காவது பலம் சேர்க்க வேண்டுமே என்று யோசித்தேன். ஐந்து நாளில் ஒருத்தராவது கட்டைத் தொட்டுப் பார்த்தார்களா என்று பொன்மணியிடம் கேட்டபோது அவள் மூக்கம்மாளைச் சொன்னாள். அது எனக்குப் பிடித்துக்கொண்டது. 'படித்த மருத்துவர்கள் காணாததைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் கட்டை விலக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்பது வெட்கக்கேடானது' என்று ஒரு வரி போட்டேன். அடித்துவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ரொம்ப நன்றாக வந்திருந்தது. மூக்கம்மாள் பேரை மட்டும் போடவில்லை.

கேஸ் சீட்டு நகல் தை மாதம் வந்தது. ஐந்து நாளும் காலையில் கட்டுப் பிரித்துப் பார்க்கப்பட்டது, விரல்களில் ரத்த ஓட்டம் சீராக உள்ளது என்று ஐந்து தடவை எழுதியிருந்தது. அச்சு வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு அது போதும். ஒரே கை, ஒரே பேனா, ஒரே சாய்வு. முதல் நாள் எழுத்தில் இருந்த அவசரம் ஐந்தாம் நாள் எழுத்திலும் அப்படியே இருந்தது. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது. அதை நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

மாசி மாதம் விசாரணைக்குக் கடிதம் வந்தது. மனுதாரரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் வர வேண்டும். தாயில்பட்டியிலிருந்து சிவகாசி, சிவகாசியிலிருந்து விருதுநகர் என்று, முத்துப்பாண்டியையும் சேர்த்து நாலு பேரும் இரண்டு பஸ் மாறிப் போனோம். வெட்டின காலைத் துண்டால் மூடிக்கொண்டு சுடலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி மருத்துவத் துறை ஆபீஸுக்குப் போனால், காலை இழந்தவனை விசாரிக்க மாடியில் அறை போட்டிருந்தார்கள். லிப்ட் கிடையாது. நான் போய்க் கீழே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டேன். மனுதாரர் வந்தால் போதும் என்றார்கள். சுடலை வேப்பமரத்தடி பெஞ்சில் இருந்துவிட்டார். பொன்மணி மட்டும் மேலே போனாள். நானும் முத்துப்பாண்டியும் வராந்தாவில் நின்றோம். கதவு சாத்தவில்லை.

மூன்று டாக்டர்கள். ஒருவரும் கோபக்காரர்கள் இல்லை. உட்காருங்கம்மா என்றார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். பொன்மணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீயைக் கையிலேயே வைத்திருந்தாள். எப்படிக் காயம் பட்டது என்று கேட்டார் நடுவில் இருந்த பெரியவர். சுடுதண்ணி என்றாள். எந்தப் பாத்திரம், எந்த இடம் என்று கேட்டார். குளிக்க வைத்த அண்டா, அடுப்பங்கரை என்றாள். நாலு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்தது, தடங்கல் இல்லாமல் வந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுடுதண்ணியில ரோமம் பொசுங்காதும்மா. அன்னைக்குப் பார்த்த டாக்டர் பொசுங்கியிருந்ததுன்னு ஓரத்துல குறிச்சு வச்சிருக்கார். எனக்கும் இந்த ஊர்தான். மாத்திச் சொல்லணும்னா இப்பச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். எழுதினா இது இங்கேயிருந்து போலீசுக்குப் போகும்."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். பொன்மணி தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். முத்துப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.  நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சுடுதண்ணிதாங்க," என்றாள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சுடுதண்ணி என்றால் சாதாரணப் புண் என்றுதானே பார்த்திருப்பார்கள், தீ, மருந்து என்று சொல்லியிருந்தால் பார்க்கிற முறையே வேறு அல்லவா என்று, யாரிடமும் கேட்காத மாதிரி சொன்னார். இன்னொருவர் சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டார். கொஞ்சம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார் என்றாள். பிறகு கட்டு விஷயத்துக்கு வந்தார்கள். தினமும் பிரித்ததாகச் சீட்டில் இருக்கிறதே என்றார்கள்.

அதுவரை மெதுவாகப் பேசியவளுக்குக் குரல் ஏறிவிட்டது.

"ஒருத்தரும் பிரிக்கலீங்க. சாமி மேல சத்தியமா ஒருத்தரும் தொடல. அஞ்சாம் நாளு மூக்கம்மாக்காதான் ஓரத்தத் தூக்கிப் பாத்தாக. கூட்டுற அக்கா. அவுக மட்டும் பாக்கலன்னா எம்புருசன் இன்னிக்கு உசிரோட இல்ல. அந்தத் தெய்வம்தான் காப்பாத்துச்சு."

மேசைமேல் அதுவரை சும்மா கிடந்த பேனாக்கள் மூன்றும் ஒரே நேரத்தில் கைக்குப் போயின. பேர் என்னம்மா சொன்னீங்க, ஆஸ்பத்திரி ஆளா ஒப்பந்த ஆளா, கையுறை போட்டிருந்தாங்களா, எந்த இடத்தில் தூக்கினாங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். அவளும் ஆசையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். டீ ஆறிப்போயிருந்தது, அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டாக அண்ணாச்சி. மூக்கம்மாக்கா சொன்னத அச்சரம் விடாம எழுதிக்கிட்டாக. இனிமே தப்பிக்க முடியாதுல்ல?" என்றாள். எழுதிக்கொண்டால் நல்லதுதான் என்றேன். நான் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். சுடலை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவகாசியில் இறங்கி ஆளுக்கு இரண்டு புரோட்டா சாப்பிட்டோம். காசு நான்தான் கொடுப்பேன் என்று பொன்மணி பிடிவாதமாகக் கொடுத்தாள்.

அறிக்கை சித்திரை கடைசியில் பதிவுத் தபாலில் வந்தது. கத்திரி வெயில். அதைப் பிரிக்காமல் அப்படியே மஞ்சப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள். நான் படித்தேன். அரசாங்கத் தமிழ் எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

'மனுதாரரின் கணவர் தமது இல்லத்தில் கவனக்குறைவாகச் சுடுநீரைக் கொட்டிக்கொண்டது மனுதாரரின் வாக்குமூலத்தால் உறுதியாகிறது. மருத்துவக் குறிப்பேட்டின்படி நாள்தோறும் உரிய சிகிச்சை அளிக்கப்பட்டுள்ளது. அன்னாருக்குச் சர்க்கரை நோய் இருந்துள்ளது. மருத்துவப் பயிற்சி ஏதுமற்ற ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் மூக்கம்மாள் என்பவர், அனுமதியின்றிக் கையுறை அணியாமல் கட்டினை விலக்கியதால் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்புள்ளது என இக்குழு கருதுகிறது. அன்னார் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டார். எனவே உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு இம்மனு முடிவு செய்யப்படுகிறது.'

அவளுக்குப் புரியவில்லை. பேச்சுத் தமிழில் சொல்லுங்க என்றாள். சொன்னேன். காகிதம் வேண்டும் என்றாளே, கவர்ன்மென்ட் முத்திரையோடு காகிதம் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் அந்த அறையில் சொன்னதில் முழு உண்மையும் நன்றியுமாக இருந்த வார்த்தையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முதல் வழி காட்டியது என் மனு. இரண்டு தடவை படித்து ரசித்தேனே, அந்த வரி. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மூக்கம்மாக்கா வேலை போயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். என்னால் கடையில் உட்கார முடியவில்லை. பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.

மூக்கம்மாள் வீட்டில் கருவாடு வறுக்கிற வாசம் வந்தது. எங்களைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். நீலக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வேலையை விட்டு நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் பஸ்ஸுக்குப் போகிறவளைக் காணோமே என்று பொன்மணிக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம், சுடலைக்கு வெட்டின காலில் மறுபடி புண் வந்து அவள் மதுரைக்கு அலைந்துகொண்டிருந்ததுதான்.

பொன்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒங்களப் பெருமையாத்தான் சொன்னேன் யக்கா."

"தெரியும் தாயி. வேலைய விட்டு நிறுத்துறப்ப வாசிச்சுக் காட்டுனாக." மூக்கம்மாள் கையை உதறவில்லை, திரும்பப் பிடிக்கவும் இல்லை. "நான் தொடக்கூடாதுதான். கூட்டு, தொடச்சு விடு, வாளி எடு, அம்புட்டுத்தான். ஆள் மேல கை வைக்கப்படாதுன்னு சேரும்போதே சொல்லிருக்காக. ஆனா அந்த வாசம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்பிடி வாளியத் தூக்கிட்டுப் போக?"

பொன்மணி அழ ஆரம்பித்தாள். நாளைக்கே விருதுநகருக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன், சுடுதண்ணி இல்லை மருந்துதான் பற்றியது, ஷெட் இன்ன இடம், நடத்துவது என் தம்பி, எல்லாம் சொல்கிறேன், அண்ணாச்சி புது மனு எழுதட்டும் என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். தம்பி ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும் என்றாள்.

மூக்கம்மாள் என்னைப் பார்த்தாள். "அப்பிடிச் சொன்னா எனக்கு வேல திருப்பிக் குடுப்பாகளாய்யா?"

 முதல் வாக்குமூலம் பொய் என்று பொன்மணிமேலேயே வழக்கு வரும். ஆஸ்பத்திரிக்காரர்கள் கைக்கு இன்னும் வசதி. மூக்கம்மாள் கட்டைத் தூக்கினது தூக்கினதுதான். "குடுக்க மாட்டாக" என்றேன்.

"அப்பச் சொல்லாத," என்றாள் அவள் பொன்மணியிடம். "நேத்துதான் ஒந்தம்பியப் பாத்துக் கேட்டேன். வைகாசியில சீசன் வேல தொடங்கும், வாங்கன்னுருக்கான். எனக்கும் கஞ்சி குடிக்கணும்ல. அந்த ஷெட்டையும் பூட்டீராத."

பொன்மணி அழுகையை நிறுத்திவிட்டாள்.  மூக்கம்மாள் உள்ளே போய் அடுப்பைக் கூட்டினாள். நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, சுடலைக்குப் புண் எப்படி இருக்கிறது, சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள், துணியைத் தினம் மாற்று என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த அறிக்கையைச் சுடலையிடம் கொடுக்கவில்லை. தபால் வந்தது அவருக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். இன்னும் விசாரிக்கிறார்களாம் என்று பொன்மணி சொல்லியிருக்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, மருந்தைக் கொஞ்சம் மெதுவாகச் செலுத்தியிருக்க வேண்டும் என்றாராம்.

வைகாசி பிறந்து இரண்டாவது வாரம் முதல் லோடு லேபிள் கொடுக்கப் போனேன். வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று காலையிலேயே ஆட்கள் வந்திருந்தார்கள். சுடலை உட்காருகிற இடத்தில் இப்போது பொன்மணி உட்கார்ந்திருந்தாள். குழாய் சுருட்டுகிற காசு காணாது என்று மருந்து செலுத்த வந்துவிட்டாள். அவள் கையெல்லாம் வெள்ளியாக மினுங்கியது. புதிதாக வந்த ஐந்தாறு பேர் வாசலில் நின்றார்கள். மூக்கம்மாள் கடைசியில் நின்றாள். முத்துப்பாண்டி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"செருப்ப வெளிய விட்டுறணும். போனு கொண்டாரக் கூடாது. நைலான் சேல கெட்டிட்டு வரக்கூடாது. தட்டுறது, இழுக்குறது எதுவும் உள்ள கூடாது. அப்பொறம் ஏதாச்சும் ஒண்ணு..."

அவன் நிறுத்திவிட்டான். மூக்கம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"சொல்லுய்யா," என்றாள் அவள். அவன் சொல்லவில்லை. மற்றவர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளே அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆசுபத்திரியில சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லணும். அங்கன எழுதிக்கிடுவாக."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே இருந்து பொன்மணி, தான் உட்கார்ந்திருந்த சாக்கை இழுத்துப் பாதி இடம் விட்டாள். மூக்கம்மாள் போய் அதில் உட்கார்ந்து, இது எப்பிடித் தாயி செலுத்துறது என்று கேட்டாள். நான் லேபிள் கட்டுகளை எண்ணி இறக்கிவிட்டு, முத்துப்பாண்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.